திருத்தணிக்குப் போறீங்க, சரி... ‘அப்படியே’ இன்னொரு ஊர் எது? இரண்டாவது இடத்தைத் தேர்வு செய்வது எப்படி?

“சனிக்கிழமை திருத்தணி போலாமா?” என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் கேட்பார். நாலு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். அதுவரை எல்லாம் சுமுகம்தான். ஐந்தாவதாக ஒருவர் வருவார்: “அவ்ளோ தூரம் போறோம், அப்படியே திருப்பதியும் பார்த்துட்டு வந்துடலாமே!” ஆறாவது ஆள் காஞ்சிபுரம் என்பார். ஏழாவது ஆள் கூகுள் மேப்ஸ் ஸ்கிரீன்ஷாட் போடுவார். சனிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு, பூந்தமல்லி சிக்னலில், பின் சீட்டில் எல்லாரும் வாய் பிளந்து தூங்க, ஓட்டுகிறவர் மட்டும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்.

‘அப்படியே’ என்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இது திருத்தணிக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. முதன்முறை ஐரோப்பா போகிறவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பாரிஸ் என்று முடிவாகிவிடும். ஆறு நாள் லீவு இருக்கிறது, இரண்டாவது ஊர் எது? ஒருவர் ரோம் என்பார், இன்னொருவர் சுவிட்சர்லாந்து என்பார். அனுபவப்பட்டவர்களைக் கேட்டால், முதலில் ரயில் வரைபடத்தைப் பார் என்பார்கள். பாரிஸில் அதிவேக ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பிரஸ்ஸல்ஸ். வியன்னாவுக்குப் போனால் பக்கத்திலேயே பிராட்டிஸ்லாவா; இரண்டு நாட்டுத் தலைநகரங்கள், நடுவில் ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அவர்கள் சொல்லும் இன்னொரு யோசனை, ஒரு ஊரில் இறங்கி, வேறொரு ஊரில் விமானம் ஏறுவது. போன வழியே திரும்பி வந்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

பாதை, நேரம், திரும்பும் வழி. இந்த மூன்றையும் நம்ம ஊர் ஒருநாள் பயணத்தில் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ‘பக்கத்துல என்ன ஃபேமஸ்?’ என்று மட்டும்தான் கேட்கிறோம்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சென்னையிலிருந்து திருத்தணி சுமார் 85 கி.மீ. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் எட்டு மணிவாக்கில் மலையடிவாரம். 365 படிகளையும் ஏறலாம். வண்டியிலேயே மேலே போகவும் சாலை உண்டு. கூட்டமில்லாத நாளில் தரிசனம், பிரசாதம், கீழே வந்து டிபன், ஒரு காபி எல்லாம் முடிய பத்தரை ஆகிவிடும்.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. நம் பக்கத்துப் பழைய கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும். அதாவது, பத்தரைக்குக் கிளம்பும் உங்கள் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். போய்ச் சேர அரை மணி, முக்கால் மணி. மிச்சத்தில் செருப்பு விடும் இடத்தையும் கண்டுபிடித்து, சாமியும் கும்பிட வேண்டும். முப்பது கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருக்கிற எதுவும் காலையில் ஒத்துவராது.

இதை நான் பாடமாகவே படித்தேன். இரண்டு வருஷம் முன்பு அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு திருத்தணி போனேன். 11 மணிக்கு எல்லாம் முடிந்தது. “காஞ்சிபுரம் இங்கிருந்து பக்கம்தான்” என்று நானே பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன். பக்கம்தான், நாற்பத்தைந்து கிலோமீட்டர் போல. அரக்கோணத்தில் கொஞ்சம் டிராஃபிக், ஒரு இளநீர். ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தும்போது 12.40. கதவு சாத்தியிருந்தது. நாலு மணி வரை என்ன செய்வது? வெயிலில் எங்கேயும் நடக்க முடியாது. “சும்மா பட்டுப் புடவையாவது பார்ப்போம்” என்று அம்மா சொன்னார். சும்மா பார்த்ததில் என் அந்த மாத பட்ஜெட் முடிந்தது. நாலு மணிக்குக் கோயில் திறந்தபோது சித்திக்கு முழங்கால் வீங்கியிருந்தது. “நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியிலயே இருக்கேன்” என்றார். காஞ்சிபுரம் வரை போயும் சித்தி ஒரு கோயிலையும் பார்க்கவில்லை.

தப்பு காஞ்சிபுரத்தின் மேல் இல்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் ஒன்றுக்கே அரை நாள் வேண்டும். அந்த ஊரை மதிய இடைவேளையில் செருகப் பார்த்தது என் தப்பு.

ஆலங்காடு: ரயில் நின்றும் நாம் இறங்காத ஊர்

சரி, முப்பது கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது? என் ஓட்டு திருவாலங்காட்டுக்குத்தான். திருத்தணியிலிருந்து பதினைந்து, பதினாறு கிலோமீட்டர். சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் அதே பெயரில் ஒரு ஸ்டேஷன் உண்டு. அங்கிருந்து கோயிலுக்குச் சில கிலோமீட்டர் ஆட்டோவில் போக வேண்டும். அலுவலக நாட்களில் இந்தப் பாதையில் தினமும் போய்வருபவர்களில் பலர் அந்த ஸ்டேஷன் பெயர்ப்பலகையை ஆயிரம் தடவை பார்த்திருப்பார்கள். இறங்கியிருக்க மாட்டார்கள். (இந்தப் பாதைக்கே ஒரு பெருமை இருக்கிறது. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது.)

சிதம்பரம் பொற்சபை, மதுரை வெள்ளி சபை என்று நடராஜருக்கு ஐந்து சபைகள். அதில் இரத்தின சபை திருவாலங்காடு. காளியோடு நடந்த நடனப் போட்டியில் சிவன் ஒரு காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆடி ஜெயித்தது இங்கே என்பது தலபுராணம். போட்டி நடத்தப்பட்ட விதம் நியாயமா என்று இன்றைக்கு ஒரு கல்லூரிப் பெண் கேட்டால் பதில் சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால், இந்த ஊரின் நிஜமான நாயகி இன்னொரு பெண். காரைக்கால் அம்மையார். அழகையும் இளமையையும் வேண்டாம் என்று உதறி, பேய் உருவம் கேட்டு வாங்கி, கயிலை மலையைக் காலால் மிதிக்கக் கூடாதென்று தலையால் நடந்தவர். அவர் கேட்ட வரம், ஆடும் இறைவனின் காலடியில் இருந்து பாட வேண்டும் என்பது. அதற்குக் கிடைத்த இடம்தான் ஆலங்காடு. சுடுகாட்டையும் பேய்களையும் அவர் பாடியதுபோல் தமிழில் வேறு யாரும் பாடவில்லை.

‘நீலிக் கண்ணீர்’ என்று சொல்கிறோமே, அந்த நீலியும் இந்தப் பக்கத்துக்காரிதான். ஆலங்காட்டுக்கு அடுத்த பழையனூர். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனைப் பழிவாங்க, அவன் மனைவி போல் வேஷம் போட்டு, கையில் பிள்ளையோடு ஊர்ச் சபையில் அழுதாள் என்பது கதை. ‘இவளை நம்பிப் போ, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்’ என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். அவள் அவனைக் கொன்றாள். அவர்கள் எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நாம் கண்ணீரை மட்டும் பழமொழியில் வைத்துக்கொண்டு, வாக்கைக் காப்பாற்றிய அந்த எழுபது பேரை மறந்துவிட்டோம்.

வரலாறு பிடிக்கும் என்றால் இன்னும் இருக்கிறது. 1905ல் இங்கே கிடைத்த செப்பேடுகள், சோழர் வரலாற்றை எழுதியவர்களுக்குப் பெரிய புதையல். முதலாம் ராஜேந்திரன் இந்தப் பழையனூரைக் கோயிலுக்குக் கொடுத்த ஆவணம் அது. 31 ஏடுகள். நிலத்தைத் தானம் கொடுத்த கதையைச் சொல்ல வந்தவர்கள், வடமொழிப் பகுதியில் சோழர்களின் வம்சாவளி முழுவதையும், ராஜேந்திரனின் படையெடுப்புகளையும் சேர்த்தே எழுதி வைத்துவிட்டார்கள்.

கோயிலில் நீங்கள் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. புகழ்பெற்ற திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலச் சிலை இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான், சென்னை அருங்காட்சியக நடராஜர்களின் புகைப்படங்களைப் பார்த்து வியந்து எழுதிய கட்டுரை, அவர் இறந்த பிறகு 1921ல் பாரிஸில் வெளியானது. நேரில் பார்க்காமல், வெறும் போட்டோவைப் பார்த்து எழுதியது. பாரிஸ் போகிற நம் ஆட்கள் ரோதான் அருங்காட்சியகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். எழும்பூருக்குப் போக ஒரு மெட்ரோ டிக்கெட் போதும்.

இப்போது ஒரு யோசனை. இரண்டாவது ஊரை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது? காலையில் முதலில் ஆலங்காட்டில் இறங்குங்கள். கூட்டமில்லாத கோயில், அவசரமில்லாத குருக்கள், இளவெயில். அங்கிருந்து அரக்கோணம் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மதிய வெயில் தணிந்ததும் 13 கி.மீ. தள்ளி இருக்கும் திருத்தணி. மலை மேல் மாலைக் காற்று. சூரபத்மனோடு போர் முடித்த முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால் ‘தணிகை’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குச் சூடேறிய கல்லில் வெறுங்காலோடு நின்றால் யாருக்கும் கோபம் தணியாது. மாலையில் போனால் பெயரின் அர்த்தம் புரியும்.

சோளிங்கர்: இப்போது முழங்கால் பிரச்சினை இல்லை

மேற்கே சுமார் முப்பது கிலோமீட்டரில் சோளிங்கர். திருத்தணி முருகன், சோளிங்கர் நரசிம்மர் என்று சேர்த்துப் பார்ப்பது பல குடும்பங்களில் பழைய வழக்கம். ஆனால் நேற்று வரை இது இளசுகளுக்கான இரண்டாவது ஊராகத்தான் இருந்தது. பெரிய மலையில் யோக நரசிம்மரைப் பார்க்க 1,305 படிகள். எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயரைப் பார்க்க இன்னும் நானூறு சொச்சம். காலையில் திருத்தணியில் 365 ஏறிவிட்டு இங்கேயும் ஏறினால், திங்கள்கிழமை ஆபீஸ் லிஃப்ட் பழுதாகக் கூடாதே என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2024 மார்ச்சில் பெரிய மலைக்கு ரோப் கார் வந்தது. கணக்கே மாறிவிட்டது. வயதானவர்களோடு போகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம். ஒன்று மட்டும்: கிளம்பும் முன் ரோப் கார் அன்றைக்கு ஓடுகிறதா, எத்தனை மணிவரை என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பராமரிப்புக்காக நிறுத்தி வைத்திருந்தால் மறுபடி 1,305தான். கையில் பை, பழம், தண்ணீர் பாட்டில் என்று எதையும் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். குரங்குகளுக்கு உங்களைவிட அந்த மலை நன்றாகத் தெரியும்.

108 திவ்ய தேசங்களில் இதன் பெயர் திருக்கடிகை. கடிகை என்றால் ஒரு நாழிகை, 24 நிமிடம். இந்தத் தலத்தில் ஒரு கடிகை இருந்தாலே முக்தி என்பது ஐதீகம். நம்பிக்கை இருக்கட்டும்; ஒரு நாளைக்கு நாலு ஊர் பார்க்கத் துடிக்கிறவர்கள் ஒரு இடத்தில் 24 நிமிடம் போனை எடுக்காமல் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்குப் பன்னிரண்டுக்கு மேல் முடியவில்லை.

1781 செப்டம்பரில் ஹைதர் அலி படையும் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படையும் மோதிய சோளிங்கர் சண்டையும் இந்தப் பக்கத்தில்தான். ஊரில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நரசிம்மர் முன்னால் ஹைதர் அலி எடுபடவில்லை போலும்.

கதையின் தொடர்ச்சியாகவே பயணம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு குறிப்பு. சோளிங்கரைத் தாண்டி பொன்னை பக்கம் போனால் வள்ளிமலை. திருத்தணியில் முருகனோடு நிற்கும் வள்ளியின் பிறந்த வீடு. தினைப்புனம், வேடர் குலம், கிழவன் வேஷம் எல்லாம் அந்த மலையில் நடந்ததாகத்தான் சொல்கிறார்கள். பாறையில் செதுக்கிய சமண தீர்த்தங்கரர் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன. சொந்த வண்டி இருந்தால் மட்டும் யோசியுங்கள். பஸ்ஸை நம்பி ஒரே நாளில் இரண்டையும் முடிப்பது கஷ்டம்.

திருப்பதி ஏன் ‘இரண்டாவது ஊர்’ ஆகாது?

குரூப்பில் ஐந்தாவது ஆள் இன்னும் காத்திருக்கிறார், வந்துவிடுவோம். திருத்தணியிலிருந்து திருப்பதி சுமார் 65 கி.மீ. வியன்னாவுக்கும் பிராட்டிஸ்லாவாவுக்கும் நடுவே இருக்கும் தூரம்தான் ஏறக்குறைய. நெடுஞ்சாலை இருக்கிறது, ரயில் இருக்கிறது, இரண்டு மாநில பஸ்களும் ஓடுகின்றன. பிறகென்ன தயக்கம்?

தூரம் ஒரு பிரச்சினையே இல்லை, வரிசைதான் பிரச்சினை. திருமலையில் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை ஆன்லைனில் சுமார் மூன்று மாதம் முன்பே எடுத்து வைக்க வேண்டும். அது இல்லாமல் இலவச தரிசனத்தில் நின்றால் எத்தனை மணி நேரம் என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. வார இறுதியில் ஒரு முழு நாளே போகலாம். ஷெங்கன் விசாவுக்கு ஒரு விதி உண்டு: எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்தின் முதல் ஊர் எது என்பதைத் தீர்மானிக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை. திருத்தணியில் இரண்டு மணி நேரம், திருமலையில் பன்னிரண்டு மணி நேரம் என்றால் நீங்கள் போவது திருப்பதி டூர். திருத்தணி அதில் வழியில் ஒரு டீ பிரேக். அப்படிப் போவதில் தப்பில்லை, ஆனால் டிக்கெட் எடுத்துவிட்டு, ஒரு ராத்திரி தங்குவதாக வைத்துக்கொண்டு போங்கள்.

ஆந்திரப் பக்கம் போயே தீருவேன் என்பவர்களுக்கு, மலை ஏறாமல் திருச்சானூர் பத்மாவதி தாயார் கோயில் ஒரு வழி. இன்னும் பக்கத்தில், புத்தூருக்கு அருகே நாராயணவனம் இருக்கிறது. பத்மாவதிக்கும் சீனிவாசனுக்கும் கல்யாணம் நடந்த இடம் என்று கல்யாண வெங்கடேஸ்வரரைக் காட்டுவார்கள். பெண் கொடுத்த ஊர் என்றாலும் மாப்பிள்ளை வீட்டுக் கூட்டத்தில் கொஞ்சம்கூட இங்கே வருவதில்லை. நல்லதுதான்.

இந்த இரண்டு மலைகளையும் நாம் சேர்த்தே நினைப்பதற்குப் பின்னால் ஒரு பழைய காயமும் இருக்கிறது. 1953ல் ஆந்திர மாநிலம் உருவானபோது திருப்பதி மட்டுமல்ல, திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டது. வேங்கடம்தான் தமிழகத்தின் வட எல்லை என்று ம.பொ.சிவஞானம் கிளப்பிய வடக்கெல்லைப் போராட்டத்தில், இந்தப் பகுதியில் ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் மங்கலங்கிழாரும் முன்னால் நின்றார். கேட்டது இரண்டு மலையும். பாடஸ்கர் தலைமையிலான ஏற்பாட்டின்படி கிடைத்தது ஒன்று. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பதிலுக்கு இங்கிருந்து சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின.

கோட்டை வரைபடத்தில் போட்டார்களே தவிர, ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தணி பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் காதில் விழும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி தூக்கி வருகிறவர்களில் ஆந்திரக்காரர்களும் ஏராளம். 1888ல் இங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் திருத்தணியில் தொடங்கி, படிப்புக்குத் திருப்பதிக்கும் வேலூருக்கும் போனவர். அன்றைக்கு அதெல்லாம் ஒரே மாகாணம்.

‘கோயில் போதும், வேற ஏதாவது?’

குழந்தைகளோடு போகிறவர்கள் இதைக் கேட்பார்கள். இரண்டாவதும் கோயில் என்றால் பிள்ளைகள் முகம் தொங்கிவிடும். திருவள்ளூர் வழியாகத்தானே திரும்புகிறீர்கள், கொஞ்சம் விலகினால் பூண்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944ல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்து வருவதுதான். 1996 முதல் ஆந்திரத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரும் இங்கேதான் சேர்கிறது. எல்லை தாண்டி நாம் போகாவிட்டாலும் தண்ணீர் வந்துவிடுகிறது.

பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. சின்னதுதான். ஆனால் அதற்குள் இருப்பவை சின்ன விஷயம் இல்லை. பக்கத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஆதிமனிதர்களின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அதே இடத்தில் பின்னாளில் சாந்தி பப்பு குழுவினர் தோண்டிக் கிடைத்த கருவிகளில் ஒரு தொகுதியின் வயது சுமார் 3,85,000 ஆண்டுகள் வரை போகிறது என்று 2018ல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வெளியானது. ஏரியில் கல் எறிந்து விளையாடும் பையனிடம், “இங்கதான்டா கல்லை உடைச்சு வேட்டைக்குப் போனாங்க” என்று சொல்லிப் பாருங்கள். கீழே கிடக்கும் கூழாங்கல்லை எல்லாம் பொறுக்க ஆரம்பித்துவிடுவான். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறையா என்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களில் இரண்டாவது ஊரே வேண்டாம்

ஆடிக் கிருத்திகை, தைப்பூசம், மாதக் கிருத்திகை. இந்த நாட்களில் திருத்தணியே ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொள்ளும். டிசம்பர் 31 இரவும் அப்படித்தான். வெள்ளைக்கார துரைகளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்ல ஓடிய காலத்தில், ‘முருகனைப் பார்க்க வாங்க’ என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்த படித் திருவிழா அது. ஆண்டின் 365 நாளுக்கு 365 படி. ஒவ்வொரு படியிலும் கற்பூரம், திருப்புகழ். அன்றைக்கு ‘அப்படியே’ போடுகிறவரை வண்டியில் ஏற்றாதீர்கள்.

அப்படிப்பட்ட நாளில் கையில் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால், இரண்டாவது இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. நந்தி ஆற்றங்கரையில் வீரட்டானேஸ்வரர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டு, கடைசிப் பல்லவ மன்னன் அபராஜிதவர்மன் காலத்துக் கற்றளி. பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும் என்பதால் இந்த அமைப்புக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். இந்தக் கோயிலைப் பற்றி மன்னன் தானே ஒரு வெண்பா பாடி, அது கல்வெட்டிலும் இருக்கிறது. மலை மேல் ஆயிரக்கணக்கில் கூட்டம் நிற்கும்போது, இங்கே பெரும்பாலும் நீங்களும் வளைந்த சுவரும்தான்.

போன மாதம் மறுபடி போனோம். சித்தியும் வந்தார். காலையில் ஆலங்காடு, மதியம் அரக்கோணத்தில் சாப்பாடு, மாலையில் வண்டியிலேயே மலைக்கு மேலே. ஆறு மணிக்குக் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்து கீழே ஊரில் விளக்குகள் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். “அந்தப் பக்கம் தெரியறது என்ன ஊரு?” என்று சித்தி வடக்கே கை காட்டினார். நகரியாக இருக்கும் என்றேன். “பக்கம்தானா?” என்றார். அம்மா முந்திக்கொண்டு, “எழுந்திரு, கிளம்பலாம்” என்றார்.